மேனேஜரின் மீசை

எங்கள் ஆய்வகத்தில் உப்பு என்ற சொல்லை என் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பாள் அக்கா. பொய் இல்லை. ஆனால் அந்த உப்பு விஷயத்தில் மட்டும் என் கோபத்துக்கு நியாயம் உண்டு. முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முனைவர் பட்டத்துக்காக ஆறு வருஷமாக ஒரு புரதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு நுண்ணுயிரின் புரதம். அந்த உயிரின் டி.என்.ஏ.வை எடுத்து நீட்டிப் பிடித்தால் அதன் உடம்பைப் போல ஆயிரம் மடங்கு நீளம் வரும். அத்தனையையும் வளைத்து, மடித்து, சிக்கு விழாமல் உள்ளே அடைத்து வைப்பதுதான் இந்தப் புரதத்தின் வேலை. தேவைப்படும்போது தேவைப்படும் இடத்தை மட்டும் அவிழ்த்தும் கொடுக்கும். அது டி.என்.ஏ.வை எங்கே பிடிக்கிறது, எப்படி வளைக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. எந்த மைக்ரோஸ்கோப்பிலும் அது நேராகத் தெரியாது. புரதத்தையும் டி.என்.ஏ.வையும் சேர்த்துப் படிகமாக வளர்க்க வேண்டும். அதன் மேல் எக்ஸ்ரே பாய்ச்ச வேண்டும். சிதறி விழும் புள்ளிகளை வைத்து வடிவத்தைக் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். படிகம் வளர்ந்தால் எல்லாம் உண்டு, வளராவிட்டால் ஒன்றுமே இல்லை.

எனக்கு வளரவில்லை. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள் இருக்கும். குழிக்கு ஒரு கலவை, அதோடு ஒரு துளி புரதம். ஒட்டி மூடி, பதினெட்டு டிகிரி பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மாதக் கடைசி என்று ஒவ்வொரு துளியாகப் பார்க்க வேண்டும். ஒன்றும் இருக்காது. இருந்தால் பஞ்சுத் தூசி இருக்கும். நானூறு தட்டுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை வந்தது. பட்டை தீட்டிய மாதிரி பளபளவென்று இருபது, முப்பது படிகங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. படிகம் கிடைத்தவர் யாராக இருந்தாலும், வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றை ஊசியால் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். புரதப் படிகத்தில் பாதி தண்ணீர்தான், ஊசி பட்டதும் வெண்ணெய் மாதிரி மசியும். கரைசலில் இருக்கும் உப்புகள் கூடி விளைந்த படிகமாக இருந்தால் கல்லாக நிற்கும், அழுத்தினால் டிக்கென்று தெறிக்கும். நான் அழுத்திப் பார்க்கவில்லை. நாலு வருஷம் தவம் கிடந்து வந்த அழகில் ஒன்றைக்கூட நசுக்க மனசு வரவில்லை.

நேராக மேடத்திடம் ஓடினேன். மேடம் என்றால் என் கைடு. அவர் உலகத்தில் பாதிப் பேருக்கு மெயில் போட்டார். கேக் வந்தது. என் அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளில்தான் நாங்கள் இருவரும் குடியிருக்கிறோம். சீருடைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள், ஜிப் மாற்ற வந்தவர்கள் என்று ஒருவர் விடாமல் பிடித்து, "என் தங்கச்சி டி.என்.ஏ.வ மடக்கிப் பிடிச்சுட்டா" என்று சொல்லி அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரேயில் வைத்தோம். திரையில் ஆறே ஆறு புள்ளிகள், அந்தக் கோடியில் ஒன்று, இந்தக் கோடியில் ஒன்றாக. புரதமாக இருந்தால் நூற்றுக்கணக்கில் நெருங்கி விழும். எட்டி எட்டி விழுந்தால் உப்பு. நான் ஊற்றிய மெக்னீசியமும் பாஸ்பேட்டும் என் முதுகுக்குப் பின்னால் கூட்டுச் சேர்ந்திருந்தன.

அன்றே எனக்கு 'உப்பு' என்று பெயர் விழுந்தது. வைத்தவன் நெட்டை. என் ஆய்வகத்தில் நாலாம் வருஷ மாணவன், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். அந்தப் பெயரை அவன் என் முகத்துக்கு நேரே ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

அக்கா பாடு இன்னும் மோசம். வாடிக்கையாளர்கள் நாலு மாதம் விடாமல் கேட்டார்கள், டி.என்.ஏ. என்னாச்சு என்று. அவள் சமாளித்தாள். ஆனால் அதற்கப்புறம் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுவரைக்கும் தினமும் சாப்பிட உட்காரும்போது, "இன்னைக்கு ஏதாவது வளர்ந்துச்சா?" என்று கேட்காமல் தட்டு வைக்க மாட்டாள். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரு வார்த்தை, கேட்கவே இல்லை. இவளால் ஆகாது என்று என் அக்காவே கையைக் கழுவிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் வலித்தது. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், அது வேறு விஷயம்.

போன மாதம் ஆய்வுக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. ஆறு வருஷக் கெடு முடிகிறது. மாதக் கடைசிக்குள் உருப்படியான ஒரு எக்ஸ்ரே பதிவைக் காட்டினால் ஆறு மாதம் நீட்டித்துத் தருவார்கள், வடிவத்தைக் கணக்குப் போட அது போதும். காட்டாவிட்டால் என் மாணவர் பதிவு ரத்து. ஆறு வருஷத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு வெறுங்கையோடு போக வேண்டியதுதான். பெரிய எக்ஸ்ரே கூடம் ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அங்கே எங்கள் ஆய்வகத்துக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள், மாதத்தின் கடைசி வியாழக்கிழமை.

அதற்குப் பதின்மூன்று நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, பழைய தட்டுகளைத் தூக்கிப் போட எடுத்தேன். போடுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பது பழக்கதோஷம். ஏழு மாதம் கிடந்த ஒரு தட்டில், பாதி வற்றிப்போன ஒரு துளியில், அது இருந்தது.

ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் விரிசல். துளியின் அடியில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கிடந்தது. அழகு என்று சொல்ல முடியாது. அடுத்த நொடி அந்தக் குழியின் கலவை என்ன என்று பட்டியலைப் புரட்டினேன். மெக்னீசியம் இருந்தது. தட்டை மூடி, பெட்டியின் கடைசி அடுக்கில் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த நாட்களில் நான் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. தினமும் போவேன், தட்டை எடுப்பேன், அதைப் பார்ப்பேன், திரும்ப வைப்பேன். சாயம் விட்டுப் பார்க்கலாம், புரதமாக இருந்தால் நிறம் ஏறும், ஆனால் ஒன்றே ஒன்று இருக்கும் துளியில் எதையும் கலக்கப் பயம். புற ஊதா விளக்கில் சில புரதங்கள் மின்னும், என் புரதத்தில் மின்னுகிற பகுதியே கிடையாது. ஊசிதான் மிச்சம். ஒன்றே ஒன்றை ஊசியால் நசுக்கிவிட்டு அப்புறம் எதை எக்ஸ்ரேயில் வைப்பது?

வழி இல்லாமல் இல்லை. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வழிதான். நசுக்கிய படிகத்தின் தூளை விதையாகப் பயன்படுத்தலாம். புதுத் துளிகளில் அந்தத் தூளைத் தீற்றினால், தூளின் மேல் புதுப் படிகங்கள் இரண்டு மூன்று நாளிலேயே வளரும். அதாவது நசுக்குவதுதான் சோதனை, நசுக்குவதுதான் விதைப்பு. புரதமாக இருந்தால் ஒன்று நூறாகும். உப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. எனக்கு அந்த முடிவைப் பார்க்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

"என்னக்கா, தூக்கிப் போடப்போற தட்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றான் நெட்டை, செவ்வாய்க்கிழமை.

"என் தட்டு, நான் பாக்கறேன். உனக்கு எங்க வலிக்குது?"

"எனக்கு ஒண்ணும் வலிக்கல. கண்ணு வலிக்கப்போவுது உங்களுக்கு."

மறுநாள் மேடம் கூப்பிட்டார். அவர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"அடுத்த வியாழன் நமக்கு ஒதுக்கின நாள். உங்கிட்ட வைக்கறதுக்கு ஏதாவது இருக்கா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. நெட்டைகிட்ட மூணு நல்ல படிகம் தயாரா இருக்கு. நாள் வீணாகக் கூடாது."

"ஒண்ணு இருக்கு மேடம். ஒண்ணுதான். என்னன்னு தெரியல."

"ஊசி போட்டியா?"

"இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்படியே எடுத்துக் கொண்டுபோய் வைக்கப் போறியா, ஒடச்சு விதைக்கப் போறியா? அது உன் இஷ்டம். ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எனக்குச் சொல்லணும்."

என் இஷ்டமாம். ஆறு வருஷமாக என் இஷ்டப்படி எது நடந்தது?

அன்று வீட்டுக்கு வந்ததும் எல்லார் மேலும் எரிச்சல். வீட்டில் எல்லாரும் என்றால் அக்காவும் பூனையும்தான். பூனைக்கு மேனேஜர் என்று பெயர். வேலை எதுவும் செய்யாமல், வெட்டுமேசையின் நடுவில் உட்கார்ந்து அக்கா தைப்பதை மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். என் பையை வைக்க இடம் விடாமல் கிடந்தது. "எந்திரிடா சோம்பேறி" என்று கத்தினேன். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

"யார் மேல இருக்கற கோவத்த அதுகிட்ட காட்டற?" என்றாள் அக்கா. சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. கொட்டிவிட்டேன். ஒரே ஒரு படிகம், விரிசல், மெக்னீசியம், வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும். அக்கா மெஷினை நிறுத்தவில்லை. தையல் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரி" என்றாள்.

"என்ன சரி?"

"சரின்னா சரிதான். அதுக்கு வேற என்ன அர்த்தம் இருக்கு?"

"உனக்கு ஒரு அக்கறையும் கிடையாது. இப்ப ஒடைக்கணும்னு முடிவு பண்ணாக்கூட விதைக்க என்கிட்ட ஒரு மீசை கிடையாது, தெரியுமா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விதைத் தூளைத் தொட்டு இழுக்க எங்கள் தொழிலில் பூனை மீசையைப் பயன்படுத்துவார்கள். சிரிக்காதீர்கள், பெரிய பெரிய ஆய்வகங்களில் நடப்பதுதான். நுனி அவ்வளவு மெல்லியதாக எந்தக் கடையிலும் எதுவும் கிடைக்காது. அதன் மேல் இருக்கும் சொரசொரப்பில் தூள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு மீசை இருந்தது, கண்ணாடிக் குழாயில் போட்டு வைத்திருந்தோம். போன மாதம் நெட்டை அதை மேசை விளிம்பில் வைத்து நசுக்கிவிட்டான். மீன்பிடி நரம்பு இருக்கிறது, ஆனால் அது தடிமன். விதையை அளவுக்கு மேல் அள்ளிக்கொண்டு வந்துவிடும். படிகங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து பாழாகும்.

என் கண் மேனேஜரின் முகத்துக்குப் போயிற்று. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று, பத்துப் பன்னிரண்டு மீசை. வெட்டுமேசையில் கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"கைய எடு" என்றாள் அக்கா. இப்போதுதான் தலை நிமிர்ந்தாள். "மீசைய வெட்டினா அதுக்கு இடுக்குல போக வர வழி தெரியாது. தொட்டுப் பாரு, கைய ஒடிச்சுருவேன்."

"ஒண்ணே ஒண்ணுக்கா."

"அரை கூடக் கிடையாது."

அவள் எழுந்தாள். பொத்தான் டப்பாக்கள் இருக்கும் அலமாரியைத் திறந்து, பின்வரிசையிலிருந்து ஒரு தட்டையான டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். பழைய ஊசிப் பொட்டலம் வந்த டப்பா. திறந்தேன். உள்ளே மெல்லிய காகிதம், காகிதத்துக்குள் பூனை மீசைகள். ஒன்றோடொன்று சேராமல், நுனி வளையாமல், வரிசையாக அடுக்கி வைத்திருந்தது.

"இது ஏது?"

"அது தானா உதிர்க்கும். கடையப் பெருக்கும்போது கிடைக்கும்."

எண்ணினேன். பதினேழு இருந்தது. "எப்பலருந்து எடுத்து வைக்கற?"

"நீ சேர்ந்த புதுசுல ஒரு நாள் சொன்னியே, விதைக்கறதுக்குப் பூனை மீசைதான் நல்லதுன்னு. அப்பலருந்துதான்."

எனக்கு அதைச் சொன்ன ஞாபகமே இல்லை. சாப்பிடும்போது ஏதோ பெருமையடித்திருப்பேன்.

"அந்த உப்பு வந்துச்சே. அதுக்கு அப்புறமும் எடுத்து வச்சியா?"

உப்பு என்று அவள் முன்னால் நானே சொன்னது அதுதான் முதல் தடவை.

"பூனை அதுக்கப்புறமும் மீசைய உதிர்த்துச்சே. குப்பையிலயா போடச் சொல்ற?"

"அப்புறம் ஏங்க்கா கேக்கறதையே விட்டுட்ட? ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை கேக்கல. நான் என்னென்னமோ நினைச்சுக்கிட்டேன்."

"கேட்டா நீ அரைச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போயிடற. நீ முழுசா சாப்பிடணுமேன்னு விட்டுட்டேன்." அடுத்த காலரை எடுத்து மெஷினில் வைத்தாள். "அழுதா அந்தப் பக்கம் போய் அழு. துணி வெள்ளைத் துணி."

நான் அந்தப் பக்கம் போய் அழுதேன். மேனேஜரும் எழுந்து பின்னாலேயே வந்தது. மேற்பார்வை பார்க்கத்தான் வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் தட்டை எடுத்துக்கொண்டு நேராக நெட்டையின் மேசைக்குப் போனேன்.

"வா. ஊசி போடப் போறேன். கூட இருந்து பாரு."

அவன் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான். எழுந்து வந்து பக்கத்து மைக்ரோஸ்கோப்பை நகர்த்திவிட்டு உட்கார்ந்தான். மைக்ரோஸ்கோப்போடு இணைத்த திரையில் அவனுக்கும் தெரியும்.

மூடியை வெட்டித் திறந்தேன். துளி காய்ந்துவிடாமல் அதே கலவையில் கொஞ்சம் விட்டேன். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு ஊசியை இறக்கினேன். திரையில் ஊசி உலக்கை போலத் தெரிந்தது. படிகத்தின் மேல் வைத்தேன். டிக்கென்று கேட்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஊசி இறங்கியது.

"மசியுதுக்கா" என்றான் நெட்டை, மெதுவாக. அப்புறம், "நல்லா மசியுது" என்றான்.

நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஏழு மாதமாக வளர்ந்தது இரண்டாகி, நாலாகி, பொடிப்பொடியாகித் துளியில் கலங்கியது. என் வாழ்நாளில் ஒரு பொருளை உடைத்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. தூளை எடுத்துச் சின்னக் குழாயில் விட்டுக் குலுக்கி, நெட்டை புதுத் துளிகள் வைத்துக் கொடுக்கக் கொடுக்க, மேனேஜரின் மீசையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு துளியின் குறுக்கேயும் ஒரு கோடு இழுத்தேன். நாற்பத்தெட்டுத் துளிகள். மூன்று மீசைகள் செலவாயின. மசிந்தால் மட்டும் போதாது, வளர வேண்டும், வளர்ந்தாலும் எக்ஸ்ரேயில் நிற்க வேண்டும் என்று மேடம் சொன்னார். சொல்லிவிட்டு, வியாழக்கிழமைப் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதினார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் ஆய்வகத்துப் பக்கம் போகவில்லை. அக்கா கடையில் பொத்தான் தைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் முழுசாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்து முதல் துளியைப் பார்த்தேன். மீசை போன வழி நெடுக, தையல் ஓட்டின மாதிரி, சின்னச் சின்னதாக ஒரு வரி படிகங்கள். இரண்டாவது துளியிலும் ஒரு வரி. இருபதாவது துளியில் நாலே நாலு, ஆனால் பெரியவை, ஓரம் எல்லாம் கூர். புதன்கிழமை அவற்றில் பன்னிரண்டை நைலான் வளையத்தில் ஒவ்வொன்றாக மீன் பிடிப்பது போலப் பிடித்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்தோம். இரண்டு உடைந்தன. பத்து மிச்சம்.

வியாழக்கிழமை விடிந்ததும் துறை வேனில் கிளம்பி, பதினொரு மணிக்கு எக்ஸ்ரே கூடத்தில் இருந்தோம், நானும் நெட்டையும். முதல் படிகத்தை ஏற்றி, கனத்த கதவைச் சாத்திவிட்டு, வெளி அறைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். பாய்ச்சும் பொத்தானில் விரலை வைத்தவள் அப்படியே இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அழுத்துங்கக்கா. எனக்கும் மூணு படிகம் இருக்கு."

அழுத்தினேன். திரை ஒரு நொடி வெறுமையாக இருந்தது. பிறகு புள்ளிகள் விழுந்தன. ஆறு இல்லை. அறுபது இல்லை. நடுவிலிருந்து ஓரம் வரைக்கும், வரிசை வரிசையாக, நெருக்கி நெருக்கி, நூற்றுக்கணக்கில் புள்ளிகள். நெட்டை எழுந்து நின்றதில் மேலே தொங்கிய விளக்கில் தலையை இடித்துக்கொண்டான். தடவிக்கொண்டே சிரித்தான். "இனிமே உங்களுக்கு வேற பேர்தான் பாக்கணும்" என்றான்.

முழுப் பதிவும் எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மேடத்துக்கு அனுப்பினேன். 'குழுவுக்கு அனுப்பிவிட்டேன். ஆறு மாதம் உனக்கு உண்டு. இனி கணக்கைப் போடு' என்று இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. வெளியே வராந்தாவுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ கை நீளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள். இரண்டு வருஷம் கழித்து.

"ஏதாவது வளர்ந்துச்சா?"

"வளர்ந்துச்சுக்கா. எக்ஸ்ரேலயும் வச்சாச்சு. அதேதான். நம்ம புரதம், டி.என்.ஏ.வோட சேர்ந்து."

மெஷின் நின்றது.

"கொஞ்சம் இரு" என்றாள். ஏதோ பொத்தானை அழுத்துவது கேட்டது. கை நீளம் பேசியவரிடம், "இதக் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க, உங்க சட்டை எங்கயும் போயிடாது" என்று சொல்வதும் கேட்டது. "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். கடைல நாலு பேர் இருக்காங்க. இப்ப சத்தமா சொல்லு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"உப்பு இல்லக்கா" என்று சத்தமாகச் சொன்னேன்.